வளவில் கிடத்திய விமானி

சினிமாக்காரர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. எங்கள் பக்கத்தில் பெரிய வீட்டில் பங்கு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். வருவார்கள், கதவின் உயரத்தை அண்ணாந்து பார்த்து வாயைப் பிளப்பார்கள், தேக்குத் தூணில் ஆணி அடிப்பார்கள், இத்தாலிக் கல்லில் டீயைக் கொட்டுவார்கள், எல்லோரையும் சார் என்பார்கள், போய்விடுவார்கள். எங்கள் கண்டனூர் வீடு ஒரு படத்தில் பண்ணையார் வீடாக வந்திருக்கிறது, இன்னொன்றில் பேய் வீடாக. அந்தப் பேய்ப் படம் வந்த புதிதில் என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட மாடிப்படியை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

வீடு பாட்டன் கட்டியது. பங்காளிகள் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறோம். ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்கு ஒரு பூட்டு. கல்யாணம், சாவு என்றால் திறப்போம், மற்ற நாளில் வௌவால்கள் பார்த்துக்கொள்ளும். நான் காரைக்குடியில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். அந்த வீட்டிலேயே குடியிருப்பது ஒரே ஒருவர்தான். என் பெரியப்பச்சி, அதாவது பெரியப்பா, மகன், முறைக்கு எனக்கு அண்ணன். மனைவி போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. தலைவாசல் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும்.

அவரோடு நான் பேசுவதில்லை. காரணம் அந்தச் சாவிதான். என் அப்பச்சி, என்னைப் பெற்றவர், மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தபோது உடலை நேரே கண்டனூருக்குக் கொண்டுவந்தோம். வீட்டின் நடுவே முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கிற பெரிய கூடத்தை நாங்கள் வளவு என்போம். தாலி ஏறுவதும் அங்கேதான், கடைசியாகக் கிடத்துவதும் அங்கேதான். வந்து பார்த்தால் வாசலில் பூட்டு. அண்ணன் சிங்கம்புணரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, போனை அணைத்து வைத்துவிட்டு. அவர் வந்து சேரும்வரை என் அப்பச்சி தெருவில், வேனுக்குள், வெயிலில் கிடந்தார். தெருவில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வந்தவர் மன்னிப்புக் கேட்கவில்லை. "முன்னாடியே சொல்லிவிட்டுருக்கக் கூடாதா?" என்றார். சாவை எப்படி முன்னாடியே சொல்லிவிடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவருக்கும் ஒரு கஷ்டம் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. அவருக்கு ஒரே மகன், மலேசியாவில் வேலை. அங்கே பெரிய வெள்ளம் வந்தபோது, யாரும் கூப்பிடாமல் தானாகவே படகில் ஏறிப் போய் ஆட்களை மீட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு தடவை போன படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஊரே கூடி, ஆக வேண்டியதைச் செய்துவிடலாம் என்று அண்ணனிடம் சொல்லிப் பார்த்தது. "உடம்பைக் காட்டுங்க, நம்புறேன்" என்பார். கருமாதி செய்யவே இல்லை. மகனுடைய அறையைத் தினமும் அவரே கூட்டுவார் என்று கேள்வி. எனக்கும் பாவமாக இருந்தது. ஆனால் பாவப்பட்டுப் பேசப் போனால் தெருவில் நின்ற வேன் நினைவுக்கு வரும், திரும்பிவிடுவேன்.

போன வருஷம் என் மகளுக்கு வைகாசியில் கல்யாணம் என்று முடிவானது. எங்கள் வழக்கப்படி பெண் வீட்டில், அந்த வளவில்தான் நடக்க வேண்டும். என் மனைவி போய் அண்ணனிடம் சொன்னாள். அவரும் சரி என்றார். அதற்கு முன்னால் சித்திரையில் ஒரு படக்கம்பெனிக்கு வீட்டைக் கொடுத்திருப்பதாகவும், கல்யாணத்துக்குள் முடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றும் சொல்லி அனுப்பினார். என்னைக் கேட்காமல் கொடுத்தது எப்படி என்று வீட்டில் கத்தினேன். மனைவி காதில் வாங்கிக்கொள்ளாமல் பத்திரிகை மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்திவிட்டு ஒருநாள் நானே பார்க்கப் போனேன். உதவி இயக்குநர் என்று ஒரு பெண், கையில் வாக்கி டாக்கி, வாய் ஓயாத பிள்ளை. முகப்பில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து எனக்குக் கதை சொன்னாள். முதல் உலகப் போர் காலமாம். விமானம் என்பதே புதுசாம். நம் பக்கத்து இளைஞர்கள் சிலர் தாங்களாகவே பேர் கொடுத்து, வெள்ளைக்காரன் படையில் சேர்ந்து, ஐரோப்பாவின் வானத்தில் போய்ச் சண்டை போடுகிறார்களாம்.

"வாலன்டியர்ஸ் சார். யாரும் அவங்களைக் கட்டாயப்படுத்தல. மரச்சட்டம், மேல துணி, அவ்வளவுதான் ப்ளேன். பாராசூட்கூட இல்லாம மேல ஏறிச் சுட்டுக்கிட்டாங்க" என்றாள், நேற்றுத்தான் கூட இருந்து வழியனுப்பிவிட்டு வந்தவள் மாதிரி.

"எவன் சண்டை அது? நம்ம சண்டையா?" என்றேன்.

"அதுதான் சார் கதையே."

"இதுல என்னம்மா கதை? கூப்பிடாத எடத்துக்குப் போயி, எவனுக்காகவோ செத்துப்போறவனை வீரன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறீக. பெத்தவுகளைப் பத்தி ஒரு நிமிசம் யோசிச்சானா அவன்?"

அப்போதுதான் கவனித்தேன், முகப்பை ஒட்டிய பட்டாலைக் கூடத்தின் கதவுக்குப் பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். நான் அவர் மகனை நினைத்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு நினைத்தேன். ஆனாலும் எழுந்துபோய்ச் சமாதானம் சொல்லுகிற பழக்கம் எங்கள் இருவருக்கும் கிடையாது.

அவர்கள் செய்த கூத்தைச் சொல்லி முடியாது. எங்கள் மாடி ஹால்தான் ஐரோப்பாவில் விமானிகள் தங்கும் இடமாம். சித்திரை வெயிலில் கம்பளிக்கோட்டு மாட்டிக்கொண்டு, வேர்த்து வழிய, குளிரில் நடுங்கினார்கள். ஒருவன் மயக்கமே போட்டுவிட்டான், அதற்கும் கைதட்டினார்கள். கொல்லையில் ஒரு விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டி முடித்த பிறகுதான் இறக்கை வாசலைவிட அகலம் என்று தெரிந்திருக்கிறது. கழற்றித் தனித்தனியாகச் சுவரேற்றி வெளியே இறக்கினார்கள். மானகிரிப் பக்கம் ஒரு பொட்டலில் கிரேனில் அதைத் தொங்கவிட்டு, பெரிய காற்றாடியைச் சுழலவிட்டு, புகையைக் கிளப்பி, அதைச் சண்டை என்றார்கள். பாதி கண்டனூர் அங்கேதான் கிடந்தது, என் கடைப் பையன்கள் உட்பட. எங்கள் கடை வாசல் பந்தலுக்கே அந்த விமானத்துக்குப் போட்டதைவிடக் கெட்டியான துணி போட்டிருக்கிறோம்.

வீட்டின் பழைய வயரிங்கில் பெரிய விளக்குகளைச் செருகியிருக்கிறார்கள் என்று ஒருநாள் செய்தி வந்தது. நான் போட்ட வயரிங் அது. கல்யாணத்துக்கு முன்னால் வீட்டையே எரித்துவிடுவார்கள் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என்னவெல்லாம் திட்டுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வாசலில் ஒருவன் உதட்டில் விரலை வைத்து என்னை நிறுத்தினான். என் வீட்டில், என்னை. உள்ளே படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்களாம், மூச்சுவிடக் கூடாதாம். அவனைத் தள்ளிக்கொண்டு வளவுக்குள் போனேன். போனவன் அப்படியே நின்றுவிட்டேன். என் மகளை மணையில் உட்காரவைக்க இருந்த அதே இடத்தில், நட்டநடுவில், ஒரு பெஞ்சு. பெஞ்சின் மேல் சவப்பெட்டி. அதன் மேல் கொடி, ரோஜா மாலை. அப்பன் வேஷம் போட்ட நடிகர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறிக்கொண்டிருந்தார்.

நடிகருக்குப் பின்னால், தூணில் சாய்ந்தபடி அண்ணன் நின்றார். துண்டை வாய்க்குள் திணித்திருந்தார். தோள் குலுங்கியது. யாரோ போதும் என்று கத்தியதும் நடிகர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு இளநீர் கேட்டார். அண்ணன் நிறுத்தவில்லை. சுற்றி நின்றவர்கள், பெரியவர் கதையில் ஒன்றிவிட்டார் என்று சந்தோஷப்பட்டார்கள்.

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல ஆசைதான். புரிந்தது. புரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது. என் அப்பச்சி அசலாகச் செத்து வந்தபோது பூட்டிக் கிடந்த வாசல், ஒரு வெறும் பெட்டிக்கு இப்படி அகலத் திறந்திருக்கிறதே என்று நினைத்தேன்.

"கல்யாணம் நடக்கப்போற எடத்துல பொணப்பெட்டியா?" என்று போட்ட சத்தத்தில் மாடியிலிருந்த ஐரோப்பாக்காரர்கள் எல்லாம் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார்கள்.

உதவி இயக்குநர் ஓடிவந்தாள். "உள்ள ஒண்ணுமே இல்ல சார், காலிப் பெட்டி. ஸ்கிரிப்ட்ல பையன் செத்துட்டான்னு தந்தி மட்டும்தான் வரும். நெஜத்துலயும் யாரோட உடம்பும் ஊருக்கு வரல. பெரியவர்தான் டைரக்டர்கிட்ட சொன்னார். தந்தியை வச்சுக்கிட்டு அந்த அப்பன் என்ன பண்ணுவான், பெட்டி வரட்டும்னு. டைரக்டருக்குப் பிடிச்சுப்போச்சு."

நான் அண்ணனைப் பார்த்தேன். வெகுநாளுக்குப் பிறகு நேருக்கு நேராகப் பேசினேன்.

"என்ன அண்ணே, இன்னைக்கு மட்டும் சாவி கையில இருந்துச்சாக்கும்?"

அவர் துண்டை வாயிலிருந்து எடுத்தார். மகனுடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்ட திருப்தியோடு நான் வயரிங்கைப் பிடுங்கப் போனேன்.

விளக்குப் பிடிக்கும் ஆள் எவனோ அந்தச் சவப்பெட்டியைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். அது சுற்றிச் சுற்றி மாப்பிள்ளையின் தாயாருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஆச்சி வாயைத் திறந்தால் தீர்ப்பு என்று பேர். முகூர்த்தத்துக்கு இன்னும் சில நாளே இருக்கும்போது கண்டனூர் வீட்டுக்கே வந்துவிட்டார். கூடவே அவர் கணவர், தலையாட்டுவதற்கு. அதே வளவில் ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்தோம். அண்ணன் அதே தூணில் சாய்ந்து நின்றார். பட்டாலைக் கதவுக்குப் பின்னால் என் மகள் நிற்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

"அண்ணே, சினிமான்னா என்னன்னு எனக்கும் தெரியும்" என்று என்னைப் பார்த்து ஆச்சி ஆரம்பித்தார். "இந்த வளவுல எத்தனையோ பேரைக் கெடத்தியிருப்பீக. அது தப்பே இல்ல. கேதம்னா அதுக்கு ஒரு முடிவு இருக்கு. முழுகுறோம், வீட்டைக் கழுவுறோம், செய்ய வேண்டியதைச் செய்யுறோம், போனவுக போயிருறாக. இந்தப் பெட்டிக்கு எதைச் செஞ்சு யாரை அனுப்புறது?"

"வெறும் கூத்துத்தானே ஆச்சி" என்றாள் என் மனைவி.

"கூத்துன்னா நான் காப்பியைக் குடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவேன். ஆனா இந்த வீட்டு ஆளு ஒருத்தரு பெட்டியைப் பாத்து அழுதாகன்னு கேள்விப்பட்டேன். வீட்டு ஆளு அழுதிட்டா அது கூத்து இல்ல, கேதம். கேதம்னா நல்ல காரியத்துக்கு வருசம் கழியணும்."

"அப்ப காரைக்குடியில மண்டபம் பாத்துருவோம்" என்றேன்.

"மண்டபத்துக்குப் போனா பங்காளித் தீட்டு வாசல்லயே நின்னுக்கிருமா?"

அவர் கணவர் தலையாட்டினார். அந்தத் தலையை அப்படியே திருகிவிடலாம் போலிருந்தது. மாப்பிள்ளை ஆவணியில் வெளிநாட்டுக்குப் போகிறவர். ஒரு வருஷம் தள்ளிப்போனால் இந்தக் கல்யாணம் நின்றுபோகும் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுவிட்டது.

ஆச்சி அண்ணன் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒங்க வாயால சொல்லிப்புடுங்க. ஒங்க மகனை நெனச்சு அழுதீகளா?"

பார்த்த சாட்சி நான். பொய் சொல்லவும் வாய் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வரவில்லை. அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் என்னைப் பழிவாங்க அதைவிட நல்ல நாள் வராது. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்தார். மடித்தார். திரும்பவும் பிரித்துத் தோளில் போட்டார்.

"எம் மகன் இருக்கான் ஆச்சி" என்றார். "இருக்கிறவனுக்கு நான் எதுக்கு அழுகணும்?"

"அப்பக் கண்ணுல தண்ணி வந்துச்சுன்னாகளே?"

"வெளிச்சம். இம்புட்டுப் பெரிய லைட்டை மூஞ்சிக்கு நேரா வச்சுட்டாக. கண்ணு கூசிருச்சு."

ஆச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அவர் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் ஆச்சி புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். "சரி, ஆக வேண்டியதைப் பாருங்க" என்றார். காப்பியைக் குடிக்க மறந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துக் கல்யாணச் சாமான் பற்றிப் பேசப் புரோகிதர் வீட்டுக்குப் போனேன். பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார். படப்பிடிப்பு முடிந்த மறுநாளே அண்ணன் அவரிடம் வந்து, மகனுக்குக் கருமாதி செய்துவிடலாம் என்றிருக்கிறார். கல்யாணம் முடிந்ததும் வைத்துக்கொள்வோம் என்று இவரும் நாள் பார்த்துக் கொடுத்திருக்கிறார். "நேத்து வந்து வேணாம்னுட்டாக. பயதான் உசுரோட இருக்கானே, அவனுக்கு எதுக்குக் கருமாதிங்கிறாக" என்றார் புரோகிதர். எனக்குத் தெரியாதது போலத் தலையசைத்துக்கொண்டு, வாழைமரம் எத்தனை வேண்டும் என்று கேட்டேன்.

எத்தனையோ வருஷம் நம்ப மறுத்தவர், ஒரு காலிப் பெட்டியைப் பார்த்து ஒருவழியாக நம்பியிருக்கிறார். நம்பியதை என் மகளுக்காகச் சம்பந்தி முன்னால் இல்லை என்று சொல்லிவிட்டார். இனி எந்த முகத்தோடு கருமாதி செய்வது? செய்தால் அன்றைக்குச் சொன்னது பொய் என்றாகிவிடும். கல்யாணமாகிப் போன பெண்ணின் தலையில் அது விடியும். அவரும் இதையெல்லாம் யோசித்துத்தான் சொல்லியிருப்பார். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கெட்டவராகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாம்.

ஆனாலும் போனேன். அவர் முகப்பில் உட்கார்ந்து விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க சொன்னதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"ஒனக்காக ஒண்ணும் சொல்லல. அந்தப் புள்ளைக்காகச் சொன்னேன்" என்றார் நிமிராமல். "அங்குட்டுத் தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கிற."

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மூத்த பங்காளி என்று அண்ணன்தான் வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்று கும்பிட்டார். மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் விஷயம் தெரியாத ஒருவர், "மகன் வரலையா?" என்று கேட்டுவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"லீவு கிடைக்கல" என்றார் அண்ணன். பன்னீர்ச் செம்பை எடுத்து அடுத்த ஆளுக்குத் தெளித்தார்.

இந்த வருஷம் படம் வந்தது. நம்ம வீட்டைத் திரையில் பார்க்க வேண்டும் என்று சம்பந்தி ஆச்சி எங்கள் எல்லோரையும் காரைக்குடித் தியேட்டருக்குக் கூட்டிப் போனார். அண்ணனுக்கும் சொல்லிவிட்டோம், வரவில்லை. எனக்கு இடப்பக்கத்தில் ஆச்சி உட்கார்ந்தார். படம் ஒன்றும் விசேஷமில்லை. மானகிரிப் பொட்டலில் கிரேனில் தொங்கியதை நேரில் பார்த்தவனுக்கு அது மேகத்துக்குள் புகுந்து புறப்பட்டால் நம்பிக்கை வருமா? கதாநாயகன் சுட்டுக்கொண்டிருந்தான், எதிரி புகைந்துகொண்டே விழுந்தான், பின்னால் இருந்தவன் விசில் அடித்தான். நான் கொட்டாவி விட்டேன்.

பிறகு அந்தப் பெட்டி வந்தது. எங்கள் வளவு, எங்கள் தூண், நான் மாட்டிய விளக்கு. நடிகர் பெட்டியின் மேல் விழுந்து கதறினார். காட்சி அவரோடு நின்றிருக்கலாம். ஆனால் கேமரா அவரை விட்டுவிட்டு மெல்ல நகர்ந்து பின்னால் இருந்த தூணுக்குப் போனது. திரை முழுக்க அண்ணன் முகம். வாயில் துண்டு, கண்ணிலிருந்து தாடைவரை ஓடுகிற தண்ணீர், குலுங்குகிற தோள். முகத்தில் விளக்கு வெளிச்சம் எதுவும் விழவில்லை. தூணின் நிழலில்தான் நின்றிருக்கிறார். விசில் அடித்தவன்கூட வாயை மூடிவிட்டான்.

எனக்குக் கழுத்தைத் திருப்பத் தைரியம் இல்லை. என் மகள் முன்வரிசையில், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்த புருஷனோடு உட்கார்ந்திருந்தாள், அவளும் அசையவில்லை. அந்தக் காட்சி முடியவே மாட்டேன் என்றது. ஆச்சி என்ன சொல்லப்போகிறாரோ என்று நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மூக்கை உறிஞ்சினார். எல்லோருக்கும் கேட்கும்படி, தீர்ப்புச் சொல்லுகிற அதே குரலில் சொன்னார்:

"வெளிச்சத்தை ரொம்பத்தான் போட்டிருக்காக. பாவம், யாருக்குத்தான் கண்ணு கூசாது."

நான் ஆமாம் என்றேன். அண்ணனைத் திட்டுவதற்கென்று இத்தனை வருஷமாக வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அப்போது ஞாபகம் வரவில்லை. அதற்கும் அவரைத்தான் திட்ட வேண்டும்.